பெருக்கிப் பார்க்காத எண்

கர்ப்பிணியின் அட்டையில் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். ‘ஜி4 பி3 எல்1’ என்று எழுதியிருந்தால், இது நான்காவது கர்ப்பம், இதற்கு முன் மூன்று பிரசவம், உயிரோடு இருப்பது ஒரு பிள்ளை என்று பொருள். விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர்கள் இதை ஒரே பார்வையில் படித்துவிடுவார்கள். சத்து மாத்திரை, ஸ்கேன், எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று அடுத்தடுத்த ஏற்பாடுகள் ஆரம்பித்துவிடும். மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே காணாமல்போன இரண்டு பிள்ளைகள் எதனால் இறந்தார்கள் என்று கேட்டால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு சொல்தான். காய்ச்சல். நெஞ்சுச் சளி. வயிற்றுப்போக்கு. வீட்டுப் பெரியவர்கள் மாந்தம் என்பார்கள், தோஷம் என்பார்கள்.

அந்தப் பதில்களில் பொய் கிடையாது. கரிசல் காட்டில் பிள்ளைகள் சாவதற்குத் தனிக் காரணம் எதுவும் வேண்டியிராத காலம் ஒன்று இருந்தது. கண்மாய்த் தண்ணீரைக் குடித்து, பஞ்சத்தில் கம்பங்கூழும் கிடைக்காமல், அம்மைக்கும் பேதிக்கும் பிள்ளைகளைக் கொடுத்த ஊர்கள் இவை. வரிசையாகப் பறிகொடுத்த வீட்டில் அடுத்தது பிறந்தால் அதைக் குப்பையில் போட்டு எடுத்தார்கள்; தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினார்கள்; குப்பை, பிச்சை என்று பேர் வைத்தார்கள். ‘இது யாருக்கும் வேண்டாத பிள்ளை’ என்று எமனை ஏமாற்றும் ஏற்பாடு அது. இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பழைய பெயர்களைக் கேட்டு எழுதினாலே எந்தெந்த வீட்டில் சாவு அடுத்தடுத்து வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இப்போது நிலைமை வேறு. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் வந்த பின் ஊரில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். எல்லா வீட்டிலும் பிழைக்கும்போது, ஒரு வீட்டில் மட்டும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் போனால், அங்கே தண்ணீரையும் வறுமையையும் மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. பழைய காலத்தில் ஆயிரம் சாவுகளுக்குள் ஒளிந்திருந்த பரம்பரைக் கோளாறு இப்போதுதான் தனியாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

நோய் எதிர்ப்பாற்றலில் பிறவியிலேயே பழுது உண்டாக்கும் கோளாறுகளில் இதுவரை 500-க்கும் மேற்பட்ட வகைகளை அறிவியல் இனம் கண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மரபணுவில் நேர்ந்த பிழை. எய்ட்ஸ் வைரஸ் எதிர்ப்பாற்றலைப் பின்னால் வந்து அழிக்கிறது. இங்கே எதிர்ப்பாற்றல் பிறக்கும்போதே இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது.

அவற்றிலேயே கொடியதை முதலில் பார்ப்போம். நாம் இன்னும் சந்திக்காத கிருமிக்கும் உடம்பு முன்கூட்டியே தயாராக இருந்தாக வேண்டும். கோடிக்கணக்கான விதமான கிருமிகளுக்குக் கோடிக்கணக்கான மரபணுக்களைச் சுமந்துகொண்டிருக்க முடியாது. அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு இதற்கான விடை கைவந்த வித்தை: இருக்கிற சில வண்ண நூல்களைச் சேர்க்கும் விதத்தை மாற்றினால் ஒரு சேலை போல் இன்னொன்று வராது. லிம்போசைட் வகை வெள்ளணுக்களான பி செல்களும் டி செல்களும் தங்கள் டி.என்.ஏ.வின் சில துண்டுகளை வெட்டி, மாற்றிக் கோத்து, ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் தனக்கே உரிய ஒரு ஏற்பி கிடைத்துவிடுகிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டோனகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டும் வேலையைச் செய்பவை ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள். இரண்டில் ஒன்று பழுதானாலும் டி செல் உருவாகாது, பி செல்லும் உருவாகாது. வேறு சில மரபணுக்கள் பழுதானாலும் முடிவு இதுவேதான். இதைத் தீவிர ஒருங்கிணைந்த எதிர்ப்பாற்றல் குறைபாடு என்பார்கள். மருத்துவர்கள் பேச்சில் ‘ஸ்கிட்’.

ஸ்கிட் குழந்தை பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஓரிரண்டு மாதத்தில் வாயில் வெண்படலம் படர்ந்து, மருந்து தடவியும் போகாமல் நிற்கும். பேதி நிற்காது. இருமல் ஆறாது. எடை ஏறாமல் பிள்ளை சவலையாகும். மந்திரிப்பதும் உரமருந்து கொடுப்பதும் ஒரு பக்கம், ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்றுவது இன்னொரு பக்கம் என்று நாட்கள் போகும். மருந்து கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான்.

இதில் நம் நாடு போன்ற நாடுகளுக்கு உரிய ஒரு சிக்கல் உண்டு. பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. சென்னை கிண்டியில் 1948-ல் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தத் தடுப்பூசிக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருக்கமான உறவு. காசநோய் இருக்கும் நாட்டில் இது வேண்டவே வேண்டும். குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலைத் தடுப்பதில் இதன் பங்கு பெரிது. ஆனால் டி செல் இல்லாத குழந்தைக்கு வலுவிழந்த கிருமியும் எமன்தான். ஊசி போட்ட இடம் புண்ணாகி ஆறாது. அக்குளில் நெறி கட்டும். பின் ஈரலுக்கும் எலும்புக்கும் பரவும். அக்குள் நெறி மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், நல்ல திடமான குழந்தைக்கும் வந்து தானே வடியும். புண்ணும் நெறியும் எடைக்குறைவும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்தும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும்கூட உயிருள்ளவைதாம்.

இத்தனை கொடிய நோயைச் சந்தேகிக்க உதவும் முதல் சோதனை எந்தச் சின்ன ஊரிலும் செய்யக்கூடியது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சாதாரண ரத்த எண்ணிக்கைதான். அந்தத் தாளில் மொத்த வெள்ளணு எத்தனை என்று ஓர் எண் இருக்கும். அதில் லிம்போசைட் எத்தனை சதவீதம் என்று இன்னோர் எண் இருக்கும். இரண்டையும் பெருக்கவேண்டும். மொத்தம் 7,000, லிம்போசைட் 15 சதவீதம் என்றால் 1,050. கைக்குழந்தைக்கு இது 3,000-க்குக் கீழே இருந்தால் சந்தேகம் எழ வேண்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு லிம்போசைட் மிக அதிகம். ஆய்வகத் தாளின் ஓரத்தில் ‘இயல்பான அளவு’ என்று அச்சிட்டிருப்பது பல நேரம் பெரியவர்களுக்கான அளவு. அதை வைத்துப் பார்த்தால் 1,500 உள்ள குழந்தையும் தேறிவிடும். அதே குழந்தைக்கு நாலைந்து தடவை ரத்தம் எடுத்திருப்பார்கள். நாலைந்து தாளிலும் அதே குறை இருந்திருக்கும். ஒருவரும் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலே நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கருவில் இருக்கும்போது தாயின் டி செல்கள் புகுந்து தங்கிவிட்டால் எண்ணிக்கை ஏமாற்றும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையில் எந்த வகைச் செல் எவ்வளவு என்று பிரித்து எண்ணுவது அடுத்த படி. மரபணுப் பரிசோதனை அதற்கும் அடுத்தது.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை மஜ்ஜை மாற்றம் பெற்ற 240 ஸ்கிட் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2014-ல் வந்தது. மூன்றரை மாதத்துக்குள் மாற்றம் நடந்த குழந்தைகளில் 94 சதவீதம் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, உடம்பில் தொற்று இருக்கும்போதே மாற்றம் நடந்தவர்களில் பாதிப்பேர். அதே நோய், அதே சிகிச்சை. இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 277 ஸ்கிட் குழந்தைகளின் விவரத்தை 2021-ல் வெளியிட்டன. அறிகுறி தோன்றியது சுமார் இரண்டரை மாதத்தில். நோய் இன்னதென்று தெரிந்தது சுமார் ஐந்து மாதத்தில். நான்கில் மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள்.

எல்லா எதிர்ப்பாற்றல் கோளாறும் ஸ்கிட் மாதிரி இருப்பதில்லை. சில, வீட்டுக்காரர்களே முதலில் கவனிக்கும்படியான அடையாளத்தோடு வருகின்றன. தொப்புள்கொடி வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். ஒரு மாதம் நெருங்கியும் விழாமல் அழற்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தால், வெள்ளணுக்களால் ரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறி வர முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குப் புண் வரும், சீழ் வராது. வெளியேற முடியாத வெள்ளணுக்கள் ரத்தத்திலேயே குவிவதால் எண்ணிக்கை தாறுமாறாக ஏறி, ரத்தப் புற்றுநோயோ என்று பயமுறுத்தும். இன்னொரு கோளாறில், கருத்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையின் தலைமுடி வெள்ளிக் கம்பிபோல் மினுங்கும். குலதெய்வக் கோயிலில் முடி இறக்கும்போது அழகென்று மெச்சுவார்கள். நுண்ணோக்கியில் அந்த முடியை வைத்தால் நிறமி திட்டுத்திட்டாகத் தெரியும். கிரிசெல்லி நோய்க்குறி என்று பெயர். நிறமியை நகர்த்தும் அதே மரபணுதான் கொல்லும் செல்களின் ஆயுதத்தையும் நகர்த்துகிறது.

கிருமியை விழுங்கத் தெரிந்தும் கொல்லத் தெரியாத வெள்ளணுக்களும் உண்டு. அந்த நோயில் ஈரலில் கட்டி வரும், நெறிகளில் சீழ் பிடிக்கும். ஊர்ப்புறத்துக்கு முக்கியமான செய்தி இதில் ஒன்று: மக்கிய வைக்கோலிலும் எருக்குழியிலும் வளரும் பூஞ்சை இந்தப் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் பெரும் ஆபத்து. மற்றப் பிள்ளைகள் படப்பில் ஏறி விளையாடலாம், இவர்கள் கூடாது. அதே நோய்க்குத்தான் மலிவான மருந்தும் இருக்கிறது. எந்த அரசு மருந்தகத்திலும் கிடைக்கும் கோட்ரிமாக்சசோல் மாத்திரையையும் ஒரு பூஞ்சை மருந்தையும் தினம் கொடுத்தால் தொற்று வெகுவாகக் குறையும்.

இனி, சொந்தம். ‘சொந்தம் விட்டுப் போகக் கூடாது’ என்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் உறவில் மணமுடித்தவர்கள். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று நகரத்தார் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு கெட்ட மரபணுவை நூற்றில் ஒருவர் தெரியாமல் சுமக்கிறார், பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் பிள்ளைக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 40,000-ல் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் மணந்தால் சுமார் 3,000-ல் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால் சுமார் 1,550-ல் ஒன்று. இருபத்தைந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனாலும் அப்படி மணந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் நேர்வதில்லை. இரண்டும் உண்மை. நேர்ந்துவிட்ட வீட்டில் கணக்கு அடியோடு மாறிவிடும்: அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று.

சொந்தத்தில் கட்டாவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைத்துவிட முடியாது. குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் முதலானோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களின் டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். 81 சமூகங்கள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும் விடக் குறைந்த மூதாதையரிலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், ‘தூரத்து’ வரனும் மரபணுவில் பக்கத்து வரன்தான். உறவுத் திருமணத்தைத் திட்டுகிறவர்கள் சாதித் திருமணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அறிவியல் இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறது.

தாய்மாமனுக்கு இந்த விஷயத்தில் இன்னோர் இடமும் உண்டு. சில கோளாறுகள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பவை. தாய் சுமப்பார், நோய் மகனுக்கு வரும். இது உறவுத் திருமணத்தால் கூடுவதில்லை. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருகிறது. அதனால் ஆண்பிள்ளைக்கு நோய் என்றால், ‘தாயோடு கூடப் பிறந்த ஆண்கள் யாராவது சின்ன வயதில் தவறியிருக்கிறார்களா’ என்று கேட்க வேண்டும். சீர் செய்ய வரும் மாமனின் பேர் எல்லோருக்கும் தெரியும். பிறந்த மூன்றாம் மாதமே போன மாமனின் பேர் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். பாட்டியைக் கேட்காமல் குடும்ப வரலாறு எழுதும் மருத்துவர் பாதியை விட்டுவிடுகிறார்.

அந்த வகையில் ஒன்று பிடிபட்டது 1952-ல். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்பத் தொற்று வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்னும் எதிர்ப்பொருளே இல்லை என்று கண்டார். வெளியிலிருந்து ஊசி மூலம் கொடுத்தார், தொற்று நின்றது. காரணமான மரபணு தெரிய 1993 வரை ஆனது. இந்தப் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் நன்றாக இருப்பார்கள், ஏனென்றால் நஞ்சுக்கொடி வழியே வந்த தாயின் எதிர்ப்பொருள் காக்கும். அது தீர்ந்ததும் காது சீழ், நிமோனியா என்று தொடங்கும். சிகிச்சை இன்றும் புரூட்டன் செய்ததேதான். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை, கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வீதம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும். ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், வேலைக்குப் போகும். ஆனால் பிள்ளை வளர வளர அளவும் கூடும், செலவும் கூடும். தறிக்கூலியிலோ காட்டு வேலைக் கூலியிலோ அதற்குத் தாக்குப்பிடிக்க முடியாது.

ஸ்கிட் போன்றவற்றுக்கு நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களை மாற்றுவது. 1968-ல் மினசோட்டாவில் ராபர்ட் குட், தாய்வழியில் பல ஆண்பிள்ளைகளை இழந்திருந்த குடும்பத்தின் கைக்குழந்தைக்கு அக்காளின் மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். ஹூஸ்டனில் 1971-ல் பிறந்த டேவிட் வெட்டரின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணன் ஏழு மாதத்தில் இறந்ததால் டேவிட்டைப் பிறந்த நொடியே கிருமியற்ற பிளாஸ்டிக் கூடாரத்தில் வைத்தார்கள். பொருத்தமான கொடையாளர் கிடைக்காமல் பன்னிரண்டு வருடம் கழிந்தது. 1983-ல் அக்காளின் பொருந்தாத மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒளிந்திருந்த வைரஸால் புற்றுநோய் வந்து 1984 பிப்ரவரியில் இறந்தான்.

பொருத்தம் என்பது ஆறாம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களைப் பொறுத்தது. கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இங்கேதான் சொந்தம் தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. உறவுக்குள் மணந்த குடும்பங்களில் எச்.எல்.ஏ.வும் திரும்பத் திரும்ப அதே தொகுப்பாக வருவதால், தகப்பனோ தாத்தாவோ சித்தப்பா பிள்ளையோ பொருந்திப்போவது மற்றவர்களைவிட அதிகம். நோயைக் கொண்டுவந்த அதே உறவு கொடையாளரையும் கொண்டுவரலாம். அதனால் கூடப்பிறந்தவர் பொருந்தவில்லை என்றதும் தேடலை நிறுத்திவிடாமல், பங்காளி, மாமன், மச்சான் என்று விரிவாகச் சோதிப்பது நம் பக்கத்தில் வீண்போகாது.

ஒருவரும் பொருந்தாவிட்டாலும் இப்போது வழி உண்டு. தாயும் தகப்பனும் எப்போதும் குறைந்தது பாதிப் பொருத்தம். மாற்றம் செய்த மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய புற்றுநோய் மருந்தைக் கொடுத்தால், பிள்ளையின் உடம்பைத் தாக்கக் கிளம்பும் டி செல்கள் அடங்கும், குருத்தணுக்கள் தப்பிக்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே மஜ்ஜை மாற்றம் தொடங்கிவிட்டது. சென்னை அப்போலோவில் ரேவதி ராஜ் தலைமையிலான குழு எதிர்ப்பாற்றல் கோளாறுள்ள குழந்தைகளுக்குப் பாதிப் பொருத்த மாற்றம் செய்து, கிடைத்த பலனையும் பட்ட சிரமங்களையும் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறது. மரபணுச் சிகிச்சை 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு நான்கு வயதுச் சிறுமிக்கு முதன்முதலாகச் செய்யப்பட்டது. பின்னர் பாரிசில் ஸ்கிட் குழந்தைகள் குணமானார்கள்; அவர்களில் சிலருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது முறைகள் தேறியிருக்கின்றன, விலைதான் நம் கைக்கு எட்டவில்லை.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கை ஸ்கிட் போன்ற கோளாறுகளை ‘ஒருமுறை சிகிச்சையில் குணமாகும்’ முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2022 திருத்தத்தின்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். தமிழ்நாட்டில் அதற்கான சிறப்பு மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. மஜ்ஜை மாற்றத்துக்கு இது பெரும் துணை. மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் ஏற்றும் பிள்ளைக்கு 50 லட்சம் என்ற உச்சவரம்பு என்றாவது ஒருநாள் தீர்ந்துபோகும். அந்தக் கோளாறு வாழ்நாள் முடியத் தீராது. கொள்கை எழுதியவர்கள் இதைத் திருத்தியாக வேண்டும்.

திருத்த வேண்டிய இன்னொன்று பிறந்த குழந்தைக்கான பரிசோதனை. டி செல்கள் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது கழிபடும் துண்டு ஒரு சிறு வளையமாகச் செல்லுக்குள் தங்கிவிடும். குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் காயவைத்து அந்த வளையங்களை எண்ணலாம். வளையம் இல்லாவிட்டால் டி செல் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் இந்தச் சோதனையை 2008-ல் தொடங்கியது. 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அங்கே 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு ஸ்கிட் என்று தெரிந்ததும் இப்படித்தான். உறவுத் திருமணம் இவ்வளவு உள்ள தமிழ்நாட்டுக்கு இந்தச் சோதனை அமெரிக்காவைவிட அவசியம். 2022-ல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது; மதுரை ராஜாஜி மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம். மாவட்டம் முழுதும் முடியாவிட்டால், கைக்குழந்தையை இழந்த வீடுகளிலிருந்தாவது தொடங்கலாம்.

அதுவரை செய்ய முடிந்தது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ உறவிலோ கைக்குழந்தை ஏதாவது தொற்றால் தவறியிருந்தால், அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறந்ததும் ரத்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே பி.சி.ஜி.யும் சொட்டு மருந்தும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசியை உரிய நாளில் தவறாமல் போடுங்கள்.